சொல் கேட்டால் சொல்வோம்: ‘டண்டிங்’

கேள்வி: பழைய ஆங்கிலப் பள்ளிக் கதை ஒன்றில், ப்ரீஃபெக்ட் (மாணவர் தலைவன்) ஒருவன் இன்னொரு மாணவனுக்கு ‘டண்டிங்’ கொடுத்தான் என்று வருகிறது. நம் ‘தண்டம்’, ‘தண்டனை’ ஆகியவற்றுக்கும் இதற்கும் உறவு உண்டா?
– வாசகி, கண்டி

பதில்: உறவு இல்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. ‘தண்டம்’ முதலில் கோல். தண்டனை என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. ‘டண்டிங்’ இங்கிலாந்தின் வின்செஸ்டர் பள்ளியில் ஒருவகை அடிக்கு வழங்கிய சொல். அதன் மூலம் ‘துந்தெரே’ என்ற இலத்தீன் வினை: அடி, இடி, குத்து. இலத்தீனிலேயே ஊறிய அந்தப் பிள்ளைகள் அதற்கு ஆங்கில விகுதி ஒட்டிக்கொண்டார்கள். அடிபட்டுக் கன்றிய காயத்தை மருத்துவர் ‘கன்டியூஷன்’ என்று எழுதுகிறாரே, அதுவும் இதே வேர்தான். விரிகோணத்தைக் குறிக்கும் ‘அப்டியூஸ்’ கூட அப்படியே. அடித்து முனை மழுங்கியது என்பது அதன் பழைய பொருள்.

எல்லா அடியும் டண்டிங் ஆகாது. ப்ரீஃபெக்ட் அடித்தால்தான் அந்தப் பெயர். 1382இல் தொடங்கிய அந்தப் பள்ளியில், இளையவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பை மூத்த மாணவர்களுக்கு ஆரம்ப விதிகளே கொடுத்திருந்தன. அடிக்கும் உரிமை அந்தப் பொறுப்போடு ஒட்டிக்கொண்டது. ப்ரீஃபெக்டின் கருவி ஆஷ் மரத்தின் நேரான இளங்கொம்பு. அடி விழும் இடம் தோளும் முதுகும். ஆசிரியரின் கருவியே வேறு: மரக் கைப்பிடியில் ஆப்பிள் மரக் குச்சிகள் நான்கைச் செருகிய கோல். அந்த அடிக்கு ‘பிப்ளிங்’ என்று தனிப்பெயர்.

சொல் வெளியுலகுக்குப் பரவலாகத் தெரிந்தது 1872இல். பள்ளியின் தனிச்சொற்களுக்கு ‘நோஷன்ஸ்’ என்று பெயர். ‘டண்டிங்’கும் அவற்றில் ஒன்று. அவற்றை இளையவர்கள் மனப்பாடம் செய்து மூத்தவர்களிடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனைக்கு வர மறுத்த ஒரு பெரிய பையனுக்கு 30 அடி விழுந்தது. ஐந்து கொம்புகள் முறிந்தன. ‘டைம்ஸ்’ நாளிதழில் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தலைமையாசிரியர் ஜார்ஜ் ரிடிங் முதலில் ப்ரீஃபெக்டின் பக்கமே நின்றார். ஒரு சொற்பட்டியலுக்காக முப்பது அடி என்பது எந்தக் காலத்து நியாயத்துக்கும் அடங்காது.

தமிழாக்கும்போது ‘பிரம்படி’ என்று போடாதீர்கள். அடித்தது பிரம்பும் அல்ல, வாசகர் நினைக்கப்போகும் வாத்தியாரும் அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளை அடக்கிய சட்டாம்பிள்ளை இருந்தான். ‘சட்டாம்பிள்ளை அடி’ என்றால், அடித்தவனும் மாணவன்தான் என்பது உடனே விளங்கிவிடும்.