தெரிஞ்ச பாடத்தையே இன்னும் எத்தனை வருஷம் நடத்தறது?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில கணக்கு டீச்சருங்க நான். 9 வருஷமா அதே ஆறு, ஏழு, எட்டு. புக்கைத் தொறக்காமலே பாடம் எடுத்துருவேன். எச்.எம். கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், போர்ஷன் முடிஞ்சுதா? நல்லா எடுத்தாலும் ஏனோதானோன்னு எடுத்தாலும் அதே சம்பளம். மொதல்ல இருந்த ஆர்வம் போயிருச்சு. இன்னும் 20 வருஷத்துக்கு மேல சர்வீஸ் கிடக்குது, எப்படிங்க ஓட்டறது?

பதில்: அம்மணி, வெறுமனே ஓட்டிக்கலாம்னு முடிவு பண்ணினவங்க இப்படி உக்காந்து லெட்டர் எழுத மாட்டாங்க. உங்களுக்கு மனசு அரிக்குது, அது நல்லதுக்குத்தானுங்க. யாரும் கவனிக்கறதில்லைங்கறது நெசம், அதை நான் மறுக்கல. பெரும்பாலான பள்ளிக்கூடத்துல நல்லா எடுக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு வார்த்தை கூட கிடைக்கறதில்லை, அது உங்க தப்பு இல்லை. ஆனா யாராவது கேப்பாங்கன்னு காத்துட்டு இருந்தீங்கன்னா இந்த 20 வருஷமும் அப்படியேதான் போகும், அதனால வேற பக்கமா பார்ப்போம்.

பாடம் உங்களுக்கு மனப்பாடம், சரி. பசங்க அதுல எங்க தப்பறாங்க, ஏன் தப்பறாங்கங்கறது மனப்பாடமா? நாளைக்கு ஏழாம் வகுப்புல போர்டுல ரெண்டே கணக்கு எழுதுங்க. 0.35, 0.5 இதுல எது பெருசு? 0.45, 0.3 இதுல எது பெருசு? ஒரு துண்டுப் பேப்பர்ல பதிலும் எழுதச் சொல்லுங்க, ஏன் அப்படின்னு ஒரு வரியும் எழுதச் சொல்லுங்க. சில பசங்க மொதக் கணக்குல 0.35-ன்னு எழுதுவாங்க, 35 பெருசு 5 சின்னதுன்னு நெனைப்பு, இது நமக்கெல்லாம் பழக்கமான தப்புதான். அவங்களே ரெண்டாவது கணக்குக்குச் சரியா 0.45-ன்னு எழுதி டிக் வாங்கிக்குவாங்க. இன்னொரு கூட்டம் மொதக் கணக்குக்கு 0.5-ன்னு சரியா எழுதிட்டு ரெண்டாவதுல 0.3-ன்னு எழுதும். பத்துல ஒண்ணு நூறுல ஒண்ணை விடப் பெருசுன்னு நீங்க சொல்லிக் குடுத்ததை அப்படியே புடிச்சுக்கிட்டு, புள்ளிக்குப் பொறவு இலக்கம் கம்மியா இருந்தா அதுதான் பெருசுன்னு முடிவு கட்டிட்ட பசங்க அவங்க. ஒரே ஒரு கணக்கு மட்டும் குடுத்திருந்தா ஏதோ ஒரு கூட்டம் சரியாப் புரிஞ்சுக்கிட்டவங்க மாதிரி தப்பிச்சுப் போயிருக்கும், டிக் போட்டு நோட்டைத் திருப்பிக் குடுத்திருப்பீங்க. கடைசியில ஒரு பூஜ்யம் சேத்து 0.50-ன்னு எழுதிக்கோன்னு சொன்னா விடை வந்துரும், ஆனா உள்ள இருக்கற நெனைப்பு மாறாது. துணி அளக்கற டேப்பைக் கொண்டு வந்து அரை மீட்டர் எங்க வருது, 35 சென்டிமீட்டர் எங்க வருதுன்னு பசங்க கையாலயே புடிச்சுக் காட்ட வைங்க.

இப்படி வர்ற தப்பை எல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க, பசங்க பேரு வேண்டாம், அவங்க சொன்ன காரணத்தை அவங்க வார்த்தையிலயே. அடுத்த வருஷம் அதே பாடம் வர்றப்ப டெக்ஸ்ட் புக்குக்கு முன்னால இந்த நோட்டைத் தொறப்பீங்க பாருங்க, அப்ப அது பழைய பாடமா இருக்காது.

உங்க ஊருலயே இன்னொண்ணும் இருக்குது. தறிக்காரங்க 20-ம் நம்பர் நூலு, 40-ம் நம்பர் நூலும்பாங்களே, ஒரு பவுண்டு எடையில 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருதோ அதுதான் பருத்தி நூலோட நம்பர். நம்பர் ஏற ஏற நூலு மெல்லிசாயிரும். எதிர் விகிதம் நடத்தறதுக்கு இதை விட என்னங்க வேணும், எத்தனை ஆளு எத்தனை நாள்ல சுவரு கட்டுவாங்கன்னே எத்தனை காலத்துக்குக் கேக்கறது? தறி இருக்கற வீட்டுப் பையன் அன்னைக்கு உங்களுக்கே சொல்லிக் குடுப்பான், விட்டுக் குடுங்க.

அப்பறம் கேள்வி கேட்டுட்டு எத்தனை நேரம் காத்திருக்கறீங்க? மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-கள்லயே இதை அளந்து பார்த்தாங்க, டீச்சருங்க சராசரியா ஒரு செகண்டுக்கு மேல காத்திருக்கறதே இல்லை, உடனே அடுத்தவனைக் கேக்கறாங்க இல்லைன்னா தானே பதில் சொல்லிர்றாங்க. 3 செகண்டு பொறுத்தாலே பதில் நீளமா வருது, வாயே தொறக்காத பசங்களும் பேசறாங்கன்னு சொன்னாங்க. 3 செகண்டு சும்மா நிக்கறது கேக்க லேசா இருக்கும், செஞ்சு பாருங்க, 9 வருஷ சர்வீஸ்காரங்களுக்கே கஷ்டம்.

சவால் வேணும்னா என்.எம்.எம்.எஸ்.னு மத்திய அரசோட உதவித்தொகைப் பரீட்சை இருக்குதுங்க, உங்க பள்ளிக்கூடத்து எட்டாவது பசங்களுக்குன்னே இருக்கறது. பாஸாகித் தேர்வாயிட்டா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1000 ரூபா, 4 வருஷத்துல 48,000. கூலித்தறி ஓட்டற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு உங்களுக்கே தெரியும். அதுல வர்ற மனத்திறன் கேள்வி எல்லாம் உங்க மனப்பாடத்துக்குள்ள அடங்காது, பசங்களோட சேந்து நீங்களும் மண்டையை ஒடைச்சுக்கோணும்.

இதையெல்லாம் தனியாப் பண்ணினா சீக்கிரம் சலிச்சுரும். சி.ஆர்.சி. கூட்டத்துக்கு, அதான் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க கூடற கூட்டத்துக்கு, வர்றவங்கள்ல மனசுக்குப் புடிச்ச ஒரே ஒரு கணக்கு டீச்சரைப் புடிங்க, ரெண்டு பேரும் நோட்டை மாத்திப் பாருங்க. ஜப்பான்ல ஒருத்தர் பாடம் எடுக்க மத்த டீச்சருங்க பின்னால நின்னு பசங்க என்ன பண்றாங்கன்னு குறிச்சு, பொறவு உக்காந்து பேசறது நூறு வருஷத்துக்கு மேல நடந்துட்டு வர்ற வழக்கம். நமக்கு அவ்வளவு ஏற்பாடு இல்லாட்டியும் போன்லயாவது பேசலாமுங்க.

ஒரு முழு வருஷம் இப்படிப் பண்ணியும் மனசு ஒட்டலைன்னா எம்.எஸ்சி.யை முடிச்சு பி.ஜி. டி.ஆர்.பி.ங்கற முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதி மேல்நிலைப் பள்ளிக்குப் போங்க, அதுல குத்த உணர்ச்சியே வேண்டாம். ஆனா மொதல்ல அந்த ரெண்டு தசமக் கணக்கையும் போட்டுப் பாருங்க, எத்தனை பசங்க எந்தக் கூட்டத்துல வந்தாங்கன்னு மறக்காம எனக்கு எழுதுங்க, தெரிஞ்சுக்கோணும்னு ரொம்ப ஆசையா இருக்குது.