வெனிஸ் டோஜுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது?

வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜ் அரசரைப் போன்றவரா என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்றத்தில் ஆம், அதிகாரத்தில் இல்லை.

1268 முதல் அவரைத் தேர்ந்தெடுத்த முறையே ஒரு தளை. சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி நடந்து, கடைசியில் 41 பேர் கொண்ட குழு அமையும். அதில் 25 வாக்குகள் வேண்டும். எந்தக் குடும்பமும் முன்கூட்டியே ஆள் பிடிக்க முடியாது. அப்புறம் அவர் உறுதிமொழி எடுப்பார். வெளிநாட்டுக் கடிதத்தைக்கூட ஆலோசகர்கள் இல்லாமல் பிரிக்கக் கூடாது. பதவி ஆயுள் முழுக்க.

ஆயுள் முழுக்க என்பதும் உறுதியில்லை. பிரான்செஸ்கோ பொஸ்காரியைப் பாருங்கள். 1423-ல் டோஜ் ஆனவர், 34 ஆண்டுகள் பதவியில் இருந்தார். வேறு எந்த டோஜும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. மிலானுடன் நடந்த நீண்ட போர்களில் இத்தாலியப் பெருநிலப்பகுதியில் வெனிஸுக்கு நிலம் சேர்ந்தது, செலவும் ஏறியது.

ஆனால் என் மனதை அறுப்பது அவர் மகன் யாக்கோப்போவின் கதைதான். லஞ்சம் வாங்கினான் என்று 1445-ல் வழக்கு, பிறகு ஒரு கொலைப் பழி, சித்திரவதை. கிரீட் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1457 ஜனவரியில் அங்கேயே இறந்தான். விசாரித்தது, நாட்டின் பாதுகாப்பைக் கவனித்த பத்துப் பேர் மன்றம். அதன் தீர்ப்பைத் தடுக்க நாட்டின் தலைவரான தகப்பனாலேயே முடியவில்லை.

துயரத்தில் ஒடுங்கிய கிழவரை அதே மன்றம் அக்டோபரில் பதவி விலகச் செய்தது. முன்பு அவரே விலக விரும்பியபோது விடவில்லை. அரண்மனையை விட்டு வெளியேறியவர் நவம்பர் 1 அன்று இறந்தார். அதன் பிறகு டோஜுக்குரிய அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.