பசு ஈனும் நாளில் விருந்தினர் வந்தால்

குடியாத்தம் பக்கத்தில் வீடு, நிறைசினைப் பசு இன்றோ நாளையோ ஈனும், அதே நேரத்தில் பெங்களூரிலிருந்து அக்கா குடும்பம் காட்பாடியில் வந்து இறங்குகிறது, யாரைக் கவனிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பசுவை விட்டு நகராதீர்கள் ஐயா. காட்பாடியில் ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்டோ கிடைக்கும். விஷயத்தைச் சொன்னால் அக்கா புரிந்துகொள்வார்.

பனிக்குடம் உடைந்து 2 மணி நேரமாகியும் கன்று வராவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள். நீங்களாக இழுக்க வேண்டாம். பிறந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும். வந்தவர்கள் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்த சீம்பாலுக்கு ஆசைப்படுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கன்று குடித்து மிஞ்சினால் மட்டும் அடுப்பில் ஏற்றுங்கள்.

நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழுந்தால் ஆழமாகப் புதைத்துவிடுங்கள், இல்லையென்றால் நாய் இழுத்துவிடும். பிள்ளைகளைத் தொழுவத்துக்குள் விடவே விடாதீர்கள். எவ்வளவு சாதுவான பசுவும் ஈன்ற அன்று முட்ட வரலாம்.