புகைப்படத்தில் எனக்கென்று ஒரு பார்வையை எப்படி வளர்த்துக்கொள்வது?

எவ்வளவு எடுத்தாலும் தன் படங்கள் எங்கோ பார்த்தவற்றின் நகலாகவே இருக்கின்றன என்று கேள்வி கேட்டவர் வருந்தியிருக்கிறார். அடுத்து எந்த லென்ஸை வாங்கலாம் என்றும் அவர் யோசித்துக்கொண்டிருப்பார் என்பது என் ஊகம். வாங்குவதற்கு முன், தாம் ஏற்கெனவே எடுத்து ஒதுக்கிய படங்களை அவர் ஒருமுறை பார்க்கட்டும்.

நான் கும்பகோணம் பக்கத்தில் கல்யாணப் படம் எடுப்பவன். ஆல்பத்துக்கு வீட்டார் தேர்ந்தெடுத்தது போக மிஞ்சியவை ஹார்ட் டிஸ்க்கில் குவிந்து, இடம் போதாமல் அவற்றைக் கழிக்க உட்கார்ந்தபோதுதான், யாரும் கேட்காமலேயே மண்டபத்துக்கு மண்டபம் நான் சமையற்கட்டுக்குள் நுழைந்து வந்திருப்பது தெரிந்தது. இட்லிக் கொப்பரையின் ஆவிக்குள் பாதி மறைந்த முகம், விறகடுப்பின் வெளிச்சத்தில் சாம்பாரைக் கிளறும் கை, பந்தி முடிந்தபின் கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போடும் மாஸ்டர் என ஒரே நாட்டம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதன்பின் அங்கே வேண்டுமென்றே 35 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு மட்டும் போனேன். நேரடியாக ஃபிளாஷ் அடித்தால் ஆவி வெள்ளைத் திரையாகி ஆளை மறைத்துவிடும் என்பதால், கொல்லைக் கதவின் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்படி நின்று எடுக்கப் பழகினேன்.

பிராக் நகரத்துப் புகைப்படக் கலைஞர் யோசப் சுடெக் முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர்; பிழைப்புக்கு விளம்பரப் படங்களும் எடுத்தவர். அவர் 1940 முதல் 1954 வரை தம் ஸ்டூடியோவின் சன்னலை, பனியும் ஈரமும் படிந்த அதே கண்ணாடியை, விடாமல் எடுத்துவந்தார். அகத்தூண்டலைத் தேடி லடாக்குக்குப் போகவேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் அவரைத்தான் காட்டுகிறேன். பயணமே வீண் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். போன இடத்திலும் நம் கண் எதில் நிற்கிறது என்பதைக் கவனிக்காவிட்டால், முந்தைய பயணி எடுத்ததையே எடுத்துத் திரும்புவோம் என்பதே என் வாதம்.

என் சமையற்கட்டுப் படங்களை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'கருப்பொருள் இல்லை' என்று நிராகரித்த நடுவர்கள், சுருக்கம் விழுந்த முகத்தோடு பீடி புகைக்கும் முதியவருக்கு வழக்கம்போலப் பரிசளித்தார்கள். மாஸ்டருக்கு மட்டும் பிரதி போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் தம் கேட்டரிங் விளம்பர அட்டையில் அச்சடித்திருக்கிறார். என் பெயரைத்தான் போடவில்லை.