காளான் அறுவடை முடிஞ்ச பெட்டை அப்படியே செடிக்குப் போடலாமா? மக்க வைக்கும்போது உள்ள என்னதான் நடக்குது?

போடலாம், செடி ஒன்னும் செத்துடாது, ஆனா வேர்கிட்ட நேரா கலந்து விட்டா கொஞ்ச நாளைக்கு இலை மஞ்சளடிக்கும். நான் வீட்டுப் பின்னாடி ஷெட்ல சிப்பிக் காளான் போடுறேன், அதனால வைக்கோல் பெட் (காளான் வளக்க வைக்கோல் அடைச்ச பாலிதீன் பை) பத்தித்தான் சொல்றேன்.

புது வைக்கோல்ல ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60-80 பங்கு கார்பன் இருக்கும். அதுல லிக்னின்னு ஒன்னு, வைக்கோலுக்கு விறைப்பு குடுக்குற பொருள், சாதாரண பாக்டீரியாவுக்கு லேசுல அசையாது. சிப்பிக் காளான் அதுல கெட்டி, லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ்னு என்சைம் விட்டு அதை உடைச்சு, செல்லுலோஸையும் கொஞ்சம் தின்னு கார்பனை கரியமில வாயுவா வெளிய விட்டுடும். முடிஞ்ச பெட் வெளுத்து, கையில எடுத்தா பொலபொலன்னு வர்றது அதனாலதான். கஷ்டமான வேலை பாதி முடிஞ்சுது, ஆனாலும் அந்த கார்பன்-நைட்ரஜன் விகிதம் பெரும்பாலும் 30க்கு மேலயே நிக்கும், அதைத் தின்ன வர்ற மண்ணுக் கிருமிங்க நைட்ரஜனுக்கு செடியோட போட்டி போடும், மஞ்சள் அடிக்கிறது அங்கதான்.

இப்போ பாலிதீன் கவரைக் கிழிச்சு எடுத்துட்டு சாணிக்கரைசல் தெளிச்சு மூணடி உயரம் குவிச்சா சில நாள்ல உள்ள 55-60 டிகிரி போயிடும். முதல்ல ஆர்கானிக் ஆசிட் உருவாகி பிஹெச் (அமில-கார அளவு, 7 நடுநிலை) லேசா இறங்கும், அப்புறம் செத்த காளான் இழைல இருக்கிற புரோட்டீன் உடைஞ்சு அம்மோனியா வரும், பிஹெச் 8ஐத் தாண்டும். சூடும் பிஹெச்சும் சேர்ந்து ஏறினா அம்மோனியா கேஸா பறந்துடும். மூக்கைக் குத்துற அந்த வாடை வந்தா செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜன் காத்துல போகுதுன்னு அர்த்தம், கோழி எரு நிறைய கலந்தவங்களுக்கு இது கண்டிப்பா வரும், உடனே காஞ்ச சருகோ மரத்தூளோ கலந்து விடுங்க. அழுகின முட்டை நாத்தம்னா அது வேற, தண்ணி ஜாஸ்தியாகி காத்து போகலை, கிளறி விட்டா சரியாயிடும்.

சூடு 40க்குக் கீழ இறங்கினப்புறம்தான் மிச்ச அம்மோனியாவை பாக்டீரியாங்க செடி உறிஞ்சுற நைட்ரேட்டா மாத்தும், பிஹெச் 7 பக்கம் வரும், உடைஞ்ச லிக்னின் துண்டுங்க நைட்ரஜனோட சேர்ந்து கறுப்பா ஹ்யூமஸ், அதாவது நல்லா மக்கின மட்கு ஆகும். விகிதம் 20 கிட்ட வந்தா போதும்.

யூடியூப்ல "மக்க வச்சா பொட்டாஷ் கூடும்"னு ஒரே பில்டப்பு. எங்கிருந்து கூடும்? கார்பன் பறந்து எடை குறையுது, பொட்டாஷும் பாஸ்பரஸும் அப்படியே இருக்கறதால சதவீதம் ஏறுது, அவ்ளோதான். அதுலயும் பொட்டாஷ் தண்ணில கரையும், மழைல திறந்து போட்டா அதுவும் காலி, ஒரு தார்ப்பாய் போட்டு மூடுங்க.

எடை குறைஞ்சு சதவீதம் ஏறுற இதே காரணத்தாலதான் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வர்ற மொட்டுக் காளான் கழிவுல உஷாரா இருக்கணும், ஜிப்சம், கோழி எருன்னு உப்பு ஏற்கனவே ஜாஸ்தி, மக்க மக்க உப்பு இன்னும் அடர்த்தியாகும். அதை நாத்துக்குப் போடாதீங்க, வளர்ந்த மரத்துக்கு மண்ணோட கொஞ்சமா கலந்து போடுங்க.

மக்கிடுச்சான்னு பாக்க ஈரமா ஒரு பிடி எடுத்து கவர்ல இறுக்கிக் கட்டி ரெண்டு மூணு நாள் கழிச்சு மோந்து பாருங்க, புளிச்ச வாடையோ அம்மோனியாவோ வந்தா இன்னும் விடணும்.