பதில்: மகளுக்கு மருத்துவ பீடம் கிடைக்காது, தனியார் பட்டப்படிப்புக்குக் காணியை விற்கலாமா?

அக்கா, காணியில் இப்போது கைவைக்காதீர்கள். மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி என்கிறீர்கள். நீங்கள் பார்த்தது கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியாக, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியாக, இருந்தால் அது உங்களுக்குரியதல்ல. இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை. மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, நமது திருகோணமலையும் அதில் ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நமது மாவட்ட நிரலைப் பாருங்கள். சென்ற ஆண்டுப் புள்ளி ஓர் அடையாளம் மட்டுமே, ஆண்டுக்காண்டு மாறும்.

திருகோணமலை கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவப் பட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம். அயலவர் ஏளனம் செய்வார்கள், செய்யட்டும். விண்ணப்பத்தில் மகள் உண்மையில் விரும்பும் வரிசையிலேயே கற்கைநெறிகளை எழுதச் சொல்லுங்கள். அந்த வரிசைப்படியே தெரிவு நடக்கும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.