சாதாரண அமெரிக்கர் ஒருவரின் முன்னோர்களை எப்படித் தேடுவது?

பேரும் புகழும் இல்லாத ஓர் அமெரிக்கரின் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். அங்கே 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 72 ஆண்டுகள் கழித்து அந்த ஏடுகளை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டு ஏடு 2022-இல் வெளிவந்தது. அதில் தாத்தாவைப் பிடியுங்கள். அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1900-ஆம் ஆண்டு ஏடு. பிறந்த மாதம், குடியேறிய ஆண்டு எல்லாம் இருக்கும். ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றாள், அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். ஒன்றில் 9, பக்கத்தில் 5 என்று பார்த்தால் மனம் கனத்துப்போகும்.

அப்புறம் ஒரு பள்ளம் வரும். 1890 ஏடுகள் 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சிக்கி, கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டன. அந்த இடைவெளியை ஊர் முகவரிப் புத்தகம், தேவாலயப் பதிவு, கல்லறைக் கல் இவற்றால்தான் நிரப்ப வேண்டும். 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

கறுப்பினக் குடும்பம் என்றால் தேடல் இன்னும் கடினம். அடிமைப்பட்டிருந்தவர்களை 1850, 1860 ஏடுகளில் வயது, பால், நிறம் என்று மட்டும், உரிமையாளர் பெயருக்குக் கீழே எழுதினார்கள். பெரும்பாலோரின் பெயர் முதன்முதலில் வருவது 1870-இல்தான். அதற்கு முன்னே போக, விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் தொடங்கிய ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் பதிவுகளைப் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் பல பதிவுகளில் உண்டு.